பிலிம்தான் நிலைக்கும் என்பவர்களுக்கு

பழைய கோயிலையோ சமணர் குகையையோ படமெடுக்கக் கிளம்பும் இளைஞர்களுக்கு இப்போது தவறாமல் ஓர் அறிவுரை கிடைக்கிறது. டிஜிட்டலில் எடுத்தால் பத்து வருடத்தில் காணாமல் போய்விடும், பிலிமில் எடுத்தால் நூறு வருடம் இருக்கும் என்கிறார்கள். அப்பா காலத்துக் கேமராவைத் துடைத்து வைத்துக்கொண்டு, அதிலேயே தொடர்வதா, டிஜிட்டலுக்கு மாறுவதா என்று தயங்கி நிற்பவர்களை இந்தப் பேச்சு பின்னுக்கு இழுக்கிறது. அக்கறையோடு சொல்லப்படுவதுதான், சந்தேகமில்லை. ஆனால் குமரி மாவட்டத்தின் காற்றுக்கும் கல்லுக்கும் அது பொருந்தாது. சிதறால் மலையை வைத்தே இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் வாக்கில், ரப்பர் தோட்டங்களைத் தாண்டினால் சிதறாலின் திருச்சாரணத்து மலை. ஊர்க்காரர்கள் வாயில் அது சொக்கன்தூங்கி மலை. மேலே முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பெரும்பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பாம்பின் படம் குடையாக விரிய பார்சுவநாதர் நிற்கிறார். சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகை இருக்கிறாள். உருவங்களுக்குக் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. மதுரைப் பக்கத்துச் சமணக் குன்றுகளில் அடிக்கடி தென்படும் சமணத் துறவி அச்சணந்தியின் பெயர் இங்கேயும் உண்டு. 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, அரட்டநேமி பட்டாரகரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்தியார் இத்தலத்துப் பெண் தெய்வத்துக்குப் பொன் அணிகலன் கொடுத்ததைச் சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் ஒரு பெண் துறவி தன் ஆசிரியர் பெயரோடு கல்லில் நிற்கிறார். பின்னாளில் இந்தச் சமணப் பள்ளி பகவதி கோயிலானது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தாலும் மழையும் வெயிலும் பாசியும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. எழுத்து ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்குகிறது. அதனால் இங்கே படமெடுப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. எந்தக் கருவியில் எடுப்பது என்ற கேள்வியும் அப்படியே.

நூறு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். நாம் கேமராவில் போடும் 35 மி.மீ. பிலிமில் பெரும்பாலானவை செல்லுலோஸ் ட்ரை அசிட்டேட் என்ற அடித்தளத்தின் மேல் பூசப்பட்டவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்த அடித்தளம் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று அடிக்கும். அமிலம் வெளிப்படத் தொடங்கிவிட்டால் அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பிலிம் சுருங்கி, நெளிந்து, மேற்பூச்சு உரிந்து வரும். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் இதற்கென்றே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைத்தால், புதிய அசிட்டேட் பிலிமில் இந்த வியாதி தொடங்கச் சுமார் 40 ஆண்டு ஆகும். குளிரைக் கூட்டினால் ஆயுள் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நீளும். வெப்பத்தையும் ஈரத்தையும் கூட்டினால் மளமளவென்று குறையும்.

சிதறால் இருக்கும் விளவங்கோட்டில் எந்த வீட்டில் ஆண்டு முழுவதும் 21 டிகிரியும் 50 சதவீதமும் இருக்கிறது? தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையையும் நன்றாக வாங்கும் மாவட்டம் குமரி. இடவப்பாதியில் ஒரு மழை, துலாத்தில் ஒரு மழை. அந்த மாதங்களில் ஈரப்பதம் 80ஐத் தாண்டி நிற்கும். தோல் செருப்பிலும் புத்தக அட்டையிலும் பூசணம் படரும் அதே அலமாரியில்தான் நெகட்டிவும் இருக்கிறது. பிலிமின் மேற்பூச்சு ஜெலட்டின், அதாவது விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த புரதம். பூசணத்துக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய கல்யாண நெகட்டிவை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மணமகன் முகத்தின் மேல் சிலந்தி வலைபோல நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். துடைத்தால் போகாது, அது படத்தையே தின்றுவிட்ட தடம். கலர் நெகட்டிவ் என்றால் சாயமும் வெளுத்திருக்கும். நூறு வருடம் என்பது குளிரூட்டிய கிடங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்கு. அதைச் சிதறால் ஓட்டுவீட்டு அலமாரிக்குத் தூக்கிக்கொண்டு வந்ததில்தான் பிழை.

இதற்குப் பதிலாகப் பிலிம் தரப்பினர் புதுச்சேரியைக் காட்டுவார்கள். அவர்களுடைய வலுவான சான்று அதுதான், அதைச் சந்திக்காமல் போவது நியாயமல்ல. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்தது. அந்தத் தொகுப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. ஸ்ரீபுரந்தான் நடராசரும் விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் திருடப்பட்டு ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களுக்குப் போனபோது, இவை இன்ன கோயிலில் இருந்தவை என்று காட்ட அந்தப் பழைய படங்கள் உதவின. 2014இல் இரண்டு திருமேனிகளும் இந்தியா திரும்பின. பிலிம் சாதித்தது என்பது உண்மைதான்.

எதனால் சாதித்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் எந்த ஊர், எந்தக் கோயில், எந்த நாள் என்று பதிவு இருந்தது. அதைக் காத்து வைக்க ஒரு நிறுவனமும் ஆட்களும் இருந்தார்கள். தேடினால் கைக்கு வரும்படி அட்டவணை இருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் யாரோ ஒருவர் வீட்டு டப்பாவில் அதே நெகட்டிவ் கிடந்திருந்தால் நடராசர் கான்பராவிலேயே இருந்திருப்பார். அதே நிறுவனம் இந்தத் தொகுப்பை டிஜிட்டல் படிகளாக மாற்றியது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களையும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு தேடித் தேடி டிஜிட்டலாக்கியது. பிலிமைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பிலிமை மட்டும் நம்பி உட்காரவில்லை. ஸ்டுடியோக்களில் நடந்ததோ வேறு கதை. இடம் அடைக்கிறது என்று குப்பைக்குப் போன கண்ணாடி நெகட்டிவ்கள் எத்தனை, அதிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போனவை எத்தனை! அழியாது என்று சொல்லப்பட்ட பொருளை அழித்தது அதன் வெள்ளியே.

சிதறாலைப் பற்றி இன்று எழுதுபவர்கள் எதைப் புரட்டுகிறார்கள்? திருவிதாங்கூர் தொல்லியல் துறையில் இருந்த தி. அ. கோபிநாதராவ் 1910களில் வெளியிட்ட திருவிதாங்கூர் தொல்லியல் தொடரின் பக்கங்களை. படிப்பவர் கைக்கு வந்து சேர்ந்தது பல நூலகங்களுக்குப் பரவிய அச்சுப் படி. கல்வெட்டு அறிஞர்களும் கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் மைப்படியைத்தான் காலங்காலமாக நம்பினார்கள். ஒன்று பலவாகிப் பல ஊரில் இருந்தால் பிழைக்கும். ஒற்றைப் பிரதிக்கு என்ன நேரும் என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, 1981இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தது. நெகட்டிவ் இயல்பிலேயே ஒற்றைப் பிரதி. அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ் எடுத்தால் நுணுக்கம் ஒரு படி குறையும். டிஜிட்டல் கோப்பை ஆயிரம் முறை படியெடுத்தாலும் ஆயிரமாவது படியும் முதலாவதும் ஒன்றே.

குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வீட்டுக்குள் வந்தபோது, ஆல்பமும் நெகட்டிவும் ஒரே பெட்டியில் இருந்த வீடுகளில் இரண்டும் ஒன்றாகவே போயின. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளிலும் அதே கதைதான். பிலிமின் ஆயுளைப் பேசுகிறவர்கள் ரசாயனத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். கடற்கரை மாவட்டத்தில் வாழ்கிறவர்கள் கடலையும் புயலையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

டிஜிட்டலுக்கு அழிவில்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஹார்டு டிஸ்க் ஒரு நாள் காலையில் சுழலாமல் நின்றுவிடும். 2000களில் கல்யாண ஸ்டுடியோக்கள் கொடுத்த சி.டி.க்களில் பல இன்று திறப்பதில்லை. போனைத் தொலைத்தால் குழந்தையின் முதல் ஐந்து வருடமும் தொலைகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இளைத்துத்தான் போய்ச் சேரும். ஹாலிவுட்டின் ஆஸ்கர் அகாதமி 2007இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றைப் பிலிம் ஆதரவாளர்கள் அடிக்கடி நீட்டுகிறார்கள். ஒரு திரைப்படத்தின் 4கே டிஜிட்டல் மூலத்தைப் பாதுகாக்க ஆண்டுக்கு 12,514 டாலர், பிலிமில் வைத்தால் 1,059 டாலர் என்றது அது. அந்தக் கணக்கு பொய்யல்ல. ஆனால் அது கோடம்பாக்கத்துக்குப் பொருந்தும், கேமராப் பையோடு மலையேறுகிற ஒருவருக்குப் பொருந்தாது. சிதறாலில் 5,000 படம் எடுத்தாலும், ரா கோப்பு ஒன்றுக்கு 25 எம்.பி. என்று வைத்தால் 125 ஜி.பி.தான். சில ஆயிரம் ரூபாய் டிஸ்க் ஒன்றில் அது பலமுறை அடங்கும். அப்படி இரண்டு டிஸ்க் வாங்கி ஒன்றை நாகர்கோவிலிலும் ஒன்றைத் திருநெல்வேலியில் அண்ணன் வீட்டிலும் வைத்து, மூன்றாவது படியை இணையச் சேமிப்பில் ஏற்றிவிட்டால், ஒக்கி போன்ற புயல் அடித்து வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனாலும் படங்கள் பிழைக்கும். மூன்று படி, இரண்டு விதச் சேமிப்பு, ஒன்று வெளியூரில் என்ற இந்த விதியை வகுத்தவர் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்குக்கு மாற்ற வேண்டும். அது வேலைதான். நெகட்டிவுக்கு நம் ஊரில் செய்ய வேண்டிய வேலை அதைவிடப் பல மடங்கு அதிகம், செய்ய வசதியும் கிடையாது.

காப்பதை விடுவோம், எடுப்பதற்கு வருவோம். டிஜிட்டல் பக்கம் நியாயம் மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான்.

சிதறால் வட்டெழுத்து ஆழமாக வெட்டப்பட்டதல்ல. நேராக ஒளி விழுந்தால் எழுத்தும் பாறையின் சொரசொரப்பும் ஒன்றாகத் தெரியும். பக்கவாட்டில், பாறையைத் தடவிக்கொண்டு போவதுபோல ஒளி வர வேண்டும். அப்போது எழுத்தின் பள்ளத்தில் மட்டும் நிழல் தங்கும். எந்தக் கோணம் சரி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் மாறும். கிடைக்கோட்டுக்கு ஒரு கோணம், வளைவுக்கு வேறு கோணம். பிலிமில் எடுப்பவர் கையிலிருக்கும் 36 படத்தில் சிலவற்றை ஊகத்தில் எடுத்து, கீழே இறங்கி, பிலிமைக் கழுவக் கொடுத்துக் காத்திருந்து, சரியில்லை என்று கண்டால் மறுபடி மலையேற வேண்டும். டிஜிட்டலில் அங்கேயே திரையில் பெரிதாக்கிப் பார்த்து, விளக்கை ஒரு சாண் நகர்த்தி, மறுபடி எடுக்கலாம்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 2001இல் எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் தோழர்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். கேமரா முக்காலியில் அசையாமல் நிற்கும், விளக்கை மட்டும் அரைக்கோள வடிவில் சுற்றிச் சுற்றி ஐம்பது அறுபது இடத்திலிருந்து காட்டிப் படமெடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கறுப்புப் பளபளப்பு உருண்டையை வைத்தால் போதும், அதன் மேல் விழும் மினுக்கை வைத்தே ஒளி எங்கிருந்து வந்தது என்று கணினி கண்டுகொள்ளும். பிறகு திரையில் சுட்டியை நகர்த்தினால் கல்லின் மேல் ஒளி நகரும். கண்ணுக்கே தெரியாத எழுத்து எழும்பி வரும். கிரேக்கத்தின் ஆன்டிகிதரா இயந்திரத்தில், ஈராயிரம் ஆண்டுப் பழைய வெண்கலத் துண்டுகளில் அரித்துப்போன எழுத்துக்களை 2005இல் படித்தெடுக்க உதவியது இதுதான். இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவே. ஒரு கல்வெட்டுக்கு அறுபது படம் என்றால் பிலிமில் இரண்டு ரோல் தீரும். பாறையின் முழு உருவத்தையும் முப்பரிமாணத்தில் பதியவோ நூற்றுக்கணக்கில் படம் வேண்டும். குணந்தாங்கிக் குரத்தியாரின் பெயர் இன்னும் இருநூறு ஆண்டு படிக்கக் கிடைக்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர் எந்தக் கருவியை எடுப்பார்?

பிலிமின் உண்மையான பலம் ஒன்றை மறைக்கக்கூடாது. கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைத் தாங்கும். பாறை நிழலில் இருட்டாகவும் பின்னால் வானம் பளீரென்றும் இருக்கும் சிதறாலில், டிஜிட்டலில் வானம் வெள்ளையாக வெளுத்துப்போகும். நெகட்டிவில் மேகம் மிஞ்சும். வெவ்வேறு ஒளி அளவில் மூன்று படம் எடுத்து இணைத்தால் டிஜிட்டலும் அதை எட்டிவிடுகிறது. பாறை எங்கும் ஓடிப்போகாது என்பதால் மூன்று படம் எடுப்பதில் இங்கே சிரமமில்லை.

அடுத்தது பொறுமை பற்றிய பேச்சு. பிலிம் நிதானத்தைக் கற்றுக்கொடுத்தது, டிஜிட்டல் கண்டபடி சுடவைத்தது என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு ரோலுக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில் ஆகிறது, கழுவி ஸ்கேன் செய்ய மேலும் சில நூறு. படத்துக்கு நாற்பது ரூபாய் என்றால் யாருக்குத்தான் கை தயங்காது? அந்தத் தயக்கத்தைக் கலைத்தவம் என்று வசதியுள்ளவர் சொல்லிக்கொள்ளலாம். மரவேலைக்குப் போகும் அப்பாவிடம் கேமராவுக்குப் பணம் கேட்ட அருமனைப் பையனுக்கு அது கதவடைப்பு. தவறு செய்துதான் படமெடுக்கக் கற்க முடியும். தவறுக்கு நாற்பது ரூபாய் தண்டம் என்றால் ஏழை கற்கவே மாட்டான். புகைப்படக்காரர் ரகு ராய் நாற்பது ஆண்டுக்குப் பக்கமாகப் பிலிமில் உழைத்தவர். 2003இல் மும்பையில் ஒரு பத்திரிகை வேலைக்காக நிக்கான் டி100 டிஜிட்டல் கேமராவைக் கையில் எடுத்த பிறகு பிலிமுக்குத் திரும்ப முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய நிதானம் கேமராவோடு போய்விடவில்லை.

இன்னும் பின்னே போனால் லின்னேயஸ் ட்ரைப் இருக்கிறார். மதராஸ் அரசின் புகைப்படக்காரராக 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடி நீளத்தில் ஒரே சுருளாக்கியவர். பொறுமைக்கு அவரைவிட எடுத்துக்காட்டு கிடையாது. புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். இருபது வயதுகூட ஆகாத தொழில்நுட்பத்தைத் தூக்கிக்கொண்டு அவர் தஞ்சைக்கு வந்தார். கல்வெட்டை முழுதாகப் பதிய எது உதவுமோ அதை எடுத்தார்.

டிஜிட்டல் படத்தைத் திருத்திவிடலாம், நெகட்டிவ் பொய் சொல்லாது என்ற வாதமும் நிற்காது. 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லியில் இரண்டு சிறுமிகள் அட்டையில் வரைந்த தேவதைகளைக் கண்ணாடி நெகட்டிவில் எடுத்து, ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயிலையே நம்பவைத்தார்கள். சோவியத் தலைவர் ஸ்டாலின் பக்கத்தில் நின்ற அதிகாரி எஷோவ் படத்திலிருந்து அழிக்கப்பட்டதும் பிலிம் காலத்தில்தான். இன்றைய டிஜிட்டல் கோப்புக்கோ ஹாஷ் என்ற எண்கோவையை எடுக்கலாம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். நாளைக்குச் சிதறாலில் ஒரு சிற்பம் உடைக்கப்பட்டு வழக்கு வந்தால், இன்று எடுத்த கோப்பும் அதன் ஹாஷும் நீதிமன்றத்தில் பேசும்.

டிஜிட்டல் வந்து நம் பிலிம் தொழிலைக் கொன்றது என்ற வருத்தமும் அடிக்கடி கேட்கிறது. தமிழ்நாட்டில் அது நடந்த வரிசை வேறு. ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967 முதல் இந்து என்ற பெயரில் பிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1990களின் நடுவிலேயே நலிந்த நிறுவனமாகிவிட்டது. அன்றைக்கு நம் ஊர் ஸ்டுடியோக்களில் டிஜிட்டல் கேமராவே நுழைந்திருக்கவில்லை. சந்தை கலருக்குப் போனபோது அது கறுப்பு வெள்ளையில் பின்தங்கி நின்றது. அந்தத் தொழிலாளர்கள் பட்ட பாடு பெரியது. அதற்கான காரணத்தைச் சரியான இடத்தில் தேடுவதே அவர்களுக்குச் செய்யும் நியாயம்.

இன்று பிலிமில் எடுப்பவர் கடைசியில் என்ன செய்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். ரோலைக் கூரியரில் பெருநகர லாபுக்கு அனுப்புகிறார். அவர்கள் கழுவி ஸ்கேன் செய்து கோப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். உலகம் பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். பிலிமின் செலவையும் டிஜிட்டலின் அபாயத்தையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டு, அதற்கு நிலைத்தன்மை என்று பெயர் வைக்கிறார்கள். பிலிமின் நிறமும் குறுமணித் தோற்றமும் பிடித்திருக்கிறது என்பவர் அப்படியே சொல்லி எடுக்கட்டும், அந்த விருப்பத்தோடு யாருக்கும் சண்டையில்லை. நிலைக்கும் என்று சொல்லி இன்னொருவரைத் தயங்கவைப்பதுதான் தப்பு.

ஆக, சிதறாலையும் திருநந்திக்கரைக் குகையையும் பதிவுசெய்யத் துடிக்கும் இளைஞர் டிஜிட்டலுக்கு மாறலாம், இன்றைக்கே மாறலாம். புதுக் கேமரா வேண்டும் என்பதுகூட இல்லை, பத்து வருடம் பழைய செகண்ட்ஹேண்டு டி.எஸ்.எல்.ஆர். போதும். ஒவ்வொரு கோப்பிலும் இடம், நாள், எந்தச் சிற்பத்தின் கீழுள்ள எழுத்து என்று தமிழிலேயே எழுதிச் சேர்க்க வேண்டும். பாறைக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடுக்க வேண்டும். அதே கேமராவுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் மூடப்பட்ட ஸ்டுடியோக்களின் மேல்தட்டில் கிடக்கும் நெகட்டிவ்களை, எடைக்குப் போவதற்கு முன்பு வாங்கி, வெள்ளை ஒளிப்பலகையின் மேல் வைத்து மேக்ரோ லென்ஸால் படியெடுக்கலாம். ஒரு ரோலுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. எடுத்த பிறகும் நெகட்டிவை எறிய வேண்டாம். காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். வினிகர் வாடை அடிப்பதை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே எடுத்து, அதிலிருந்து முதலில் படியெடுக்கத் தொடங்க வேண்டும்.